இன்ஜின் மிஸ் அடிக்கிறதா? பெங்களூரு கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், ஆஸ்டின் டவுன் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களும், கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஐ.டி. வேலைக்கு வந்து ஒயிட்ஃபீல்டில் குடியேறியவர்களும் எங்கள் கேரேஜில் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை பெட்ரோல் கார் பற்றியவை. சிஎன்ஜிக்கும் டீசலுக்கும் பின்னால் தனியாகப் பதில் இருக்கிறது. படிக்கத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: எந்த சிலிண்டர், என்ன காரணம் என்று தெரியும்வரை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ்கூட வாங்காதீர்கள்.

மிஸ் அடிக்குதுன்னா உள்ளே என்னதான் நடக்குது?

ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியவில்லை, அல்லது அரைகுறையாக எரிந்தது. அவ்வளவுதான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் தள்ளிச் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரியும். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். நான்கு சிலிண்டர் காரில் 1-3-4-2 என்ற வரிசையில் மாறி மாறித் தள்ளுவதால்தான் இன்ஜின் சீராக ஓடுகிறது. அதில் ஒன்று தள்ளாமல் விட்டால் அந்த இடத்தில் கிராங்க் ஒரு நொடிப்பொழுது தளரும். ஸ்டியரிங்கில் நீங்கள் உணர்வது அந்தத் தளர்ச்சியைத்தான்.

எரிவதற்கு மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், போதுமான கம்ப்ரஷன் (பிஸ்டன் அதை அழுத்தும் அழுத்தம்), சரியான நேரத்தில் வலுவான ஸ்பார்க். கீழே வரும் எல்லாச் சோதனைகளும் இந்த மூன்றில் எது குறைகிறது என்று தேடுவதற்காகத்தான்.

சிக்னல்ல நிக்கும்போது வண்டி அதிருது. இது மிஸ்ஸா, மவுண்டிங் போனதா?

முதலில் உங்கள் காரில் எத்தனை சிலிண்டர் என்று பாருங்கள். ஆல்டோ, வேகன்ஆர் 1.0, டியாகோ போன்ற கார்கள் மூன்று சிலிண்டர் இன்ஜின் கொண்டவை. அவற்றில் ஐடிலில் கொஞ்சம் நடுக்கம் இயல்பு. நான்கு சிலிண்டர் காரிலிருந்து மாறி வந்தவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுவது அடிக்கடி நடக்கிறது.

இன்ஜின் மவுண்டிங் போயிருந்தால் அதிர்வு ஒரே சீராக இருக்கும். ஏசி போட்டால் கூடும், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் குறையும், சைலன்சர் சத்தம் மாறாது. மிஸ் அடித்தால் சத்தமே உடையும். வண்டியின் பின்னால் போய், சைலன்சர் வாயிலிருந்து ஓரடி தள்ளிக் கையை வைத்துப் பாருங்கள். சீரான காற்று வந்துகொண்டிருக்கும்போது நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனால் அது மிஸ். ஐடில் மேலும் கீழும் ஏறி இறங்கி, ஏசி ஆன் ஆனதும் வண்டி நின்றுபோனால் இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓசூர் ரோட்டில் 80, 90-இல் போகும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்ஸிங் பாருங்கள், இன்ஜினைத் தொட வேண்டாம்.

எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல போறப்போ செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. ஆபீஸ் வரைக்கும் ஓட்டிடலாமா?

கூடாது. லைட் விடாமல் எரிவதும் மினுக்குவதும் ஒன்றல்ல. விடாமல் எரிந்தால் கோளாறு பதிவாகியிருக்கிறது, மெதுவாக ஓட்டி கேரேஜுக்கு வரலாம். மினுக்கினால், இந்த நிமிடம் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ் நடக்கிறது என்று கார் சொல்கிறது.

எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் போய், கன்வர்ட்டருக்குள் எரியும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு வடிவப் பீங்கான் இருக்கிறது. அளவு மீறிச் சூடானால் அது உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல பத்தாயிரங்களுக்குப் போவது இப்படித்தான். அந்த மேம்பாலம் சுமார் 10 கிலோமீட்டர் நீளம், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள், ஏசியை அணையுங்கள், ஹசார்ட் லைட் போட்டு இடது ஓரமாக அடுத்த இறக்கம் வரை மெதுவாக வாருங்கள். வேகத்தைக் குறைத்தும் லைட் மினுக்குவது நிற்கவில்லையென்றால் ஓரம்கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள். கன்வர்ட்டர் சூட்டில் தீப்பிடிக்கும்.

எங்கே இருந்து தேட ஆரம்பிக்கணும்?

ஒரு சிலிண்டர் மட்டுமா, எல்லா சிலிண்டருமா என்பதிலிருந்து. அபார்ட்மெண்டில் ஒரு வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லையென்றால் மாடியில் இருக்கும் டேங்கைப் பார்க்க ஓடமாட்டோம். எல்லா வீட்டிலும் வரவில்லையென்றால் ஒவ்வொரு குழாயாகக் கழற்றமாட்டோம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக இருப்பவை: பிளக் (ஸ்பார்க் தருவது), காயில் (பிளக்குக்கு வோல்டேஜ் கொடுப்பது), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது), அவற்றின் ஒயர், வால்வு, பிஸ்டன் ரிங். எல்லோருக்கும் பொதுவானவை: பெட்ரோல், ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், த்ராட்டில், காற்றளவு பார்க்கும் சென்சார், கிராங்க் சென்சார், டைமிங் செயின், பேட்டரி வோல்டேஜ். இரண்டாம் சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிக்கு ஃப்யூயல் பம்ப் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அதே பம்ப்தான் மற்ற மூன்றுக்கும் பெட்ரோல் கொடுக்கிறது.

இடையில் ஒரு வகை உண்டு. சில கார்களில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில்: 1-க்கும் 4-க்கும் ஒன்று, 2-க்கும் 3-க்கும் ஒன்று. 1-ம் 4-ம் சேர்ந்து மிஸ் அடித்தால் கண் நேராக அந்தக் காயிலுக்குப் போக வேண்டும். 2-ம் 3-ம் சேர்ந்து அடித்தால் அவசரப்படக் கூடாது. பொதுக் காயிலும் காரணமாக இருக்கலாம், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருக்கவும் கூடும். கம்ப்ரஷன் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கேனர் போட்டதும் பி0302ன்னு வந்தது. அப்போ ரெண்டாவது பிளக்கை மாத்தினா சரியாயிடுமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி நடக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் கோட் சொல்லும், எதை வாங்க வேண்டும் என்பதைச் சொல்லாது.

இந்தியாவில் ஓபிடி 2 முறை (கார் தன் கோளாறைத் தானே கோடாகப் பதிவு செய்வது) 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்குக் கட்டாயம். அதற்குப் பின் வந்த கார் என்றால் ஸ்டியரிங் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி இதைப் படிக்கலாம். போனோடு ப்ளூடூத்தில் இணையும் சிறிய அடாப்டரே இந்த வேலைக்குப் போதும்.

ஸ்கேனர் ஸ்பார்க்கை நேரடியாகப் பார்ப்பதில்லை. கிராங்க் சென்சார் வழியாக, ஒவ்வொரு சிலிண்டரின் முறை வரும்போதும் கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்று ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கணக்குப் பார்க்கிறது. வேகம் தளர்ந்தால் மிஸ். நம் ஊர் ரோட்டுப் பள்ளங்களில் சக்கரம் குலுங்குவதும் கிராங்க் வரை போகும். அதனால் பல கார்களில் கரடுமுரடான ரோட்டில் இந்தக் கணக்கை ஈசியு கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். ஒரே ஒரு தடவை வந்து, அழித்ததும் திரும்ப வராத பி0300-ஐ வைத்துப் பெரிய வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

கூட வரும் கோட்களையும் எழுதி வையுங்கள். பி0351 முதல் பி0354 வரை வந்தால் காயில் சர்க்யூட், பி0201 முதல் பி0204 வரை வந்தால் இன்ஜெக்டர் சர்க்யூட். பி0016 வந்தால் கிராங்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் ஒத்துப்போகவில்லை, டைமிங் செயினைப் பார்க்க வேண்டும். பி0171, அதாவது காற்று அதிகம் என்ற கோட் வந்தால் இன்னொரு விஷயத்தை யோசியுங்கள். எரியாத சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனைப் பார்த்தும் சென்சார் அப்படிச் சொல்லும். அங்கே மிஸ்தான் காரணம், பி0171 அதன் விளைவு.

முக்கியமானது: கோட் படிப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, இன்ஜின் சூடு என்ன என்று ஈசியு ஒரு பதிவு வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அது போய்விடும். எங்களுக்குக் கிடைக்கும் சாட்சிகளில் அதைவிட நல்லது இல்லை.

ஸ்கேனர் இல்லாம எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒரு சில நொடி கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரில் கழற்றினால் இன்ஜின் இன்னும் தடுமாறும். எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யாதது. இதனால் செக் இன்ஜின் லைட் வரும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

ஓடும் இன்ஜினில் காயிலையோ பிளக் ஒயரையோ பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இப்போதைய கார்களுக்கு வேண்டாம். காயிலில் வரும் வோல்டேஜ் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். உங்களுக்கு ஷாக், ஈசியுவுக்குச் சேதம், அந்த நேரமெல்லாம் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்கு.

காயில் போச்சுன்னு எப்படி உறுதி பண்றது? மல்டிமீட்டர் வச்சிருக்கேன்.

மல்டிமீட்டரை எடுத்து வையுங்கள். உள்ளேயே இக்னைட்டர் (காயிலை இயக்கும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) இருக்கும் காயில்களில் ரெசிஸ்டன்ஸ் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமானது, அதற்குச் செலவும் இல்லை.

பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு, எந்த மாதிரி ஓட்டும்போது மிஸ் வந்ததோ அதே மாதிரி ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302-ஏ திரும்ப வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். அப்போதும் இரண்டிலேயே நின்றால் ஒயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் பதில் கிடைக்கும், ஆனால் எதனால் என்று தெரியாது.

இன்ஜெக்டரில் மல்டிமீட்டருக்கு வேலை உண்டு. சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரை காட்டும். நான்கும் ஒரே அளவில் இருந்து ஒன்று மட்டும் விலகினால் அதைச் சந்தேகியுங்கள். ஓம் சரியாக இருந்தும் உள்ளே அடைத்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கழட்டின பிளக்கைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதனால்தான் பிளக்குகளைக் கழற்றியதும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்கி வைக்கச் சொல்கிறோம். நான்கையும் ஒன்றாகக் கையில் அள்ளினால் பாதிச் செய்தி போச்சு.

முனை வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இருந்தால் எரிப்பு நன்றாக நடக்கிறது. காய்ந்த கரி மாதிரிக் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. பெட்ரோல் வாசனையோடு ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் வரவில்லை. வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. மூன்று பிளக் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தால் மகிழ வேண்டாம். அந்த சிலிண்டருக்குள் கூலண்ட் கசிந்து ஆவியாகிச் சுத்தம் செய்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருப்புக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஸ்பார்க் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாக வழுக்கி ஓடிய தடம் அது. காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளும் அதே கோடு இருக்கும். புது பிளக் போட்டுப் பழைய பூட்டை விட்டால் அந்தத் தடம் புது பிளக்கிலும் சில வாரங்களில் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றினால்தான் தீரும். பீங்கான் அடியில் வளையமாகத் தெரியும் பழுப்புக் கறை வேறு, அது இயல்பானது.

பிளக் முனையில் ஸ்பார்க் தாண்டும் இடைவெளி, அதாவது கேப், பெரும்பாலான கார்களில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. முனை தேய்ந்து கேப் விரிந்தால் ஸ்பார்க் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், காயில் அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் போகும். சாதாரண நிக்கல் பிளக்கை 30,000, 40,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். இரிடியம் ஒரு லட்சம் வரை போகும். இரிடியத்தின் ஊசி முனையில் கேஜை வைத்து நெம்பாதீர்கள், உடைந்துவிடும்.

இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் மரை கழன்று வந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். மாட்டும்போது முதல் சில சுற்று கையால் போக வேண்டும், பிறகுதான் டார்க் ரெஞ்ச்.

வாங்குவது ஜே.சி. ரோட்டில் ஆனாலும் ஆன்லைனில் ஆனாலும் பில் கேளுங்கள். பெயர்பெற்ற பிளக்குகளுக்கெல்லாம் போலி உண்டு. அச்சு மங்கலாக இருப்பது, மரை சொரசொரப்பாக இருப்பது, விலை நம்ப முடியாமல் குறைவாக இருப்பது, மூன்றுமே எச்சரிக்கை.

வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே மிஸ் அடிக்குது.

பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காயில்களைத் தூக்கிப் பாருங்கள். காற்று பிடித்துக் குழியை உலர்த்தி, பூட்டைத் துடைத்து, உள்ளே கொஞ்சம் டை எலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தண்ணீர் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். முதலில் உலர்த்துங்கள். அடுத்த முறை இன்ஜின் மேல் பிரஷர் கன் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

குழியில் தண்ணீருக்குப் பதில் ஆயில் இருந்தால் வால்வு கவர் கேஸ்கெட், அல்லது அந்தக் குழியைச் சுற்றியுள்ள சீல். காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலின் ரப்பரும் ஊறிப் போகும்.

பேஸ்மெண்ட்ல வண்டி நிக்குது. எலி காரணமா இருக்குமா?

நிச்சயமாக இருக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து ஸ்டார்ட் செய்ததும் மிஸ் அடித்தால் முதலில் இன்ஜெக்டர், காயில் ஒயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்த இடத்தில் வெறும் டேப் சுற்றினால் போதாது, சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும்.

காலையில மட்டும் மிஸ் அடிக்குது, ரெண்டு கிலோமீட்டர் போனா சரியாயிடுது. எப்போ அடிக்குதுங்கறது முக்கியமா?

மிக முக்கியம். எங்களிடம் வரும்போது "மிஸ் அடிக்குது" என்று மட்டும் சொல்லாமல் எப்போது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

டிசம்பர், ஜனவரிக் காலைகளில் இங்கே 15 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். குளிரில் மட்டும் அடித்துச் சூடானதும் நின்றால்: இரவில் சிலிண்டருக்குள் கசிந்த கூலண்ட், சொட்டும் இன்ஜெக்டர், டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இறுகியதால் முழுதாக மூடாத வால்வு. கூலண்ட் அளவு வாராவாரம் குறைகிறதா என்று பார்த்து வையுங்கள். குளிரில் நன்றாக இருந்து, நெரிசலில் நின்று நின்று சூடான பிறகு அடித்தால் காயிலையும் கிராங்க் சென்சாரையும் சந்தேகிக்கலாம். உள்ளே சுற்றிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி சேரும்.

நந்தி மலை ஏற்றத்தில் மட்டும் அடித்தால்? சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், ஸ்பார்க் தாண்டுவது கடினமாகும். தேய்ந்த பிளக்கும் தளர்ந்த காயிலும் அங்கேதான் அகப்படும். ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் சோர்வும் அங்கே தெரியும். ஐடிலில் மட்டும் அடித்து வேகத்தில் நன்றாக ஓடினால், த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது: வெடித்த வாக்குவம் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்.

இதை ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) பார்த்து உறுதி செய்யலாம். ஐடிலில் பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. மாறாக வேகத்திலும் சுமையிலும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. கசிவைத் தேட சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடிக்கும் பழக்கம் தீ விபத்தை அழைப்பது. புகை விட்டுப் பார்க்கும் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள்.

டேங்க் நிரப்பிவிட்டு வந்தவுடன் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டு, கொஞ்ச நேரம் தடுமாறிச் சரியானால் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். பங்க் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பெட்ரோல்ல எத்தனால் கலக்கறதால மிஸ் வருதா?

20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூரில்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். காற்று-பெட்ரோல் அளவை ஈசியு ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் அடிப்பதற்கு ஈ20 நேரடிக் காரணம் ஆகாது, நான்கும் அதே பெட்ரோலைத்தான் குடிக்கின்றன.

பழைய கார்களில் மறைமுகமாகப் பங்கு உண்டு. டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்து ஃபில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் கொண்டு வரும், பழைய ரப்பர் ஹோஸ்களை இளக்கும். தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கார் என்றால் பெட்ரோலை வடித்துப் பார்ப்பது நல்லது.

கம்ப்ரஷன் டெஸ்ட் எப்போ எடுக்கணும்? ரீடிங்கை எப்படிப் புரிஞ்சுக்கறது?

பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றும் இடம் மாற்றிப் பார்த்தும் கோளாறு அதே சிலிண்டரில் நின்றால் எடுத்தே ஆக வேண்டும். அதற்கு முன் ஹெட் இறக்க யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்ஜின் மிதமான சூட்டில் இருக்க வேண்டும், பிளக் கழற்ற முடியாத அளவுக்குக் கொதிக்கக் கூடாது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அழுத்தம் வரும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் ரீடிங் பொய் சொல்லும்.

பல பெட்ரோல் இன்ஜின்களில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். பெங்களூருக்காரர்கள் ஒன்றைச் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். நாம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு, கம்ப்ரஷன் ரீடிங்கும் அதே அளவு குறைந்துதான் வரும். கையேட்டு எண்ணைத் தொடவில்லை என்பதற்காக மட்டும் இன்ஜின் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 165, 160, 165, 160 என்றால் கவலை இல்லை. 165, 95, 160, 165 என்றால் இரண்டாவதில் கோளாறு.

குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி எடுங்கள். நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் குறைவாக இருந்தால் ஹெட் கேஸ்கெட். இன்னும் துல்லியமாக அறிய லீக் டவுன் டெஸ்ட் இருக்கிறது. பிஸ்டனை மேலே நிறுத்தி சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் காது கொடுத்தால், த்ராட்டிலில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

சென்னையில நல்லா ஓடின வண்டி, இங்கே வந்ததும் பிக்கப் இல்லை. உயரம் காரணமா மிஸ் வருமா?

பிக்கப் கொஞ்சம் குறைவது உயரத்தால். மிஸ் வராது. ஈசியு காற்றழுத்தம் பார்த்தே பெட்ரோல் விடுகிறது.

மழையில அண்டர்பாஸ்ல தண்ணிக்குள்ள வண்டி நின்னுடுச்சு. அப்புறம் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா மிஸ் அடிக்குது.

முதலில் பொதுவான எச்சரிக்கை: தேங்கிய தண்ணீரில் இன்ஜின் நின்றால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்தான அளவில் தண்ணீர் ஏறுவதற்குள் வண்டியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் காரில் சிக்கி ஒரு இளம்பெண் இறந்ததை இந்த ஊர் மறக்கக் கூடாது.

வண்டியைப் பொறுத்தவரை, ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் பிஸ்டனைக் கொஞ்சம் கீழேயே நிறுத்தும், அந்த சிலிண்டரின் கம்ப்ரஷன் மட்டும் குறையும், அதுவே மிஸ்ஸாகத் தெரியும். ஆகவே தண்ணீரில் நின்ற வண்டிக்கு காயில், பிளக் என்று ஆரம்பிக்காமல் நேராக ஏர் ஃபில்டர் ஈரம், பிறகு கம்ப்ரஷன். இன்சூரன்ஸ் க்ளெய்ம் செய்யப் போகிறீர்கள் என்றால் கழற்றுவதற்கு முன்பே சர்வேயருக்குத் தகவல் சொல்லுங்கள், உங்கள் பாலிசியில் இன்ஜின் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

சிஎன்ஜில ஓட்டறேன். கேஸ்ல மிஸ், பெட்ரோல்ல சரி.

இரட்டை எரிபொருள் காரில் கண்டுபிடிப்பது சுலபம். கேஸில் மட்டும் மிஸ் என்றால் முதலில் கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஸ் இன்ஜெக்டர். பெட்ரோலில் மட்டும் என்றால் பயன்படுத்தாமலே அடைத்துப்போன பெட்ரோல் இன்ஜெக்டர். வாரத்தில் கொஞ்ச தூரமாவது பெட்ரோலில் ஓட்டச் சொல்வது அதனால்தான். இரண்டிலும் மிஸ் என்றால் ஸ்பார்க் அல்லது கம்ப்ரஷன்.

ஒரு திருத்தம் மட்டும்: கேஸைப் பற்ற வைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்து கேஸில் தோற்கும். ஆகவே கேஸ் இன்ஜெக்டருக்குச் செலவழிக்கும் முன் பிளக்கையும் பாருங்கள். வால்வு சீட் தேய்ந்து டேப்பெட் இடைவெளி இறுகுவதும் கேஸ் வண்டிகளில் சீக்கிரம் நடக்கும்.

டீசலுக்கும் இதே முறைதானா?

பிளக்கும் காயிலும் கிடையாது, மற்ற யோசனை அதேதான். ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் திருத்த அளவு காட்டும். ஒன்று மட்டும் மிக விலகினால் அதைப் பாருங்கள். காலையில் மட்டும் தடுமாறி வெள்ளைப் புகை வந்தால் க்ளோ பிளக். ஃபில்டர் மாற்றிய பிறகு வந்தால் லைனில் காற்று. ஓடும் இன்ஜினில் டீசல் பைப்பைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். காமன் ரெயிலில் உள்ள அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அப்பாவோட பழைய கார்ப்பரேட்டர் கார் இருக்கு.

டெல்கோ (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைக் கழற்றி உள்ளே வெடிப்பு, கரித்தடம் இருக்கிறதா பாருங்கள், பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள், கண்டென்சரை மாற்றுங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓட்டினால் கசியும் பிளக் ஒயர் நீலமாக மின்னுவது கண்ணுக்கே தெரியும்.

கேரேஜ்ல நாலு காயில், நாலு இன்ஜெக்டர் எல்லாம் மாத்தணும்கறாங்க. என்ன கேக்கறது?

மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த சிலிண்டர்? எந்தச் சோதனையில் தெரிந்தது? இடம் மாற்றிப் பார்த்தீர்களா? மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் யாரும் கோபப்படமாட்டார், ஸ்கேனரைத் திருப்பிக் காட்டுவார். பிளக்கை செட்டாக மாற்றச் சொன்னால் நியாயம் இருக்கிறது, எல்லாம் ஒரே அளவு ஓடியவை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஒரு காயில் போனால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றுவதா என்பது உங்கள் பணத்தையும் நீங்கள் ஓட்டும் தூரத்தையும் பொறுத்தது. இன்ஜெக்டரை மட்டும் சோதிக்காமல் மாற்றாதீர்கள். கழற்றி, பெஞ்சில் வைத்து அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து, தெளிப்பை அளந்து பார்க்க இந்த ஊரில் வசதி இருக்கிறது. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி பண்ணியாச்சுன்னு எப்படி நம்பறது?

கோடை அழித்துவிட்டு வண்டியைக் கையில் கொடுத்தால் அது போதாது. ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்து, ஐடிலில், நெரிசலில், ஒரு ஏற்றத்தில் என்று மிஸ் முன்பு எங்கே வந்ததோ அங்கே ஓட்டிப் பாருங்கள். மிஸ் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்கேனர் என்றால் நான்கு சிலிண்டருக்கும் பூஜ்யமோ அதற்குப் பக்கத்திலோ நிற்க வேண்டும்.

அடுத்து பெட்ரோல் பங்கில் ஒரு எமிஷன் டெஸ்ட் எடுங்கள். எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக வெளியே வரும். பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் அதன் வரம்பு 200 பிபிஎம், கார்பன் மோனாக்சைடுக்கு 0.3 சதவீதம். மிஸ் நின்ற பிறகும் ஹைட்ரோகார்பன் அதிகமாக இருந்தாலோ, வண்டி இழுக்காமல் திணறினாலோ, மிஸ் அடித்த நாட்களில் கன்வர்ட்டர் அடி வாங்கியிருக்கலாம். பாஸ், ஃபெயில் என்பதோடு விடாமல் சர்டிஃபிகேட்டில் அச்சான எண்களைப் போட்டோ எடுத்து மெக்கானிக்குக் காட்டுங்கள். கன்வர்ட்டரைக் கழற்றிச் சோதிக்க வேண்டுமா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.